பாண் திருடியவனின் வழக்கு

நாவல் ஒன்றை வகுப்பறையிற் கொல்வதற்கு அதிகம் பாடுபட வேண்டியதில்லை. ஆசிரியரின் வாழ்க்கைக் குறிப்பைக் கரும்பலகையில் எழுதி, கதைச் சுருக்கத்தைச் சொல்லி, பாத்திரங்களின் பண்புகளை ஒன்று, இரண்டு என எண்ணிட்டுக் கொடுத்துவிட்டாற் போதும். மாணவர் அவற்றைக் கொப்பியில் எழுதிக்கொள்வர். பரீட்சை மண்டபத்தில் இறக்கி வைத்துவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்புவர். இந்தக் காரியத்தை நாம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் திறம்படச் செய்து வந்திருக்கிறோம். எமது மாணவர் பலர் இலக்கியத்திற் திறமைச் சித்தியும் பெற்றிருக்கின்றனர். அவர்களுள் எத்தனை பேர் பள்ளியை விட்ட பின்னர் ஒரு நாவலையேனும் கையில் எடுத்தனர் என்று எண்ணிப் பார்த்தபோது எமக்கே வெட்கமாயிருந்தது.

அந்த வெட்கத்தின் விளைவாக, 2023ஆம் ஆண்டின் இறுதித் தவணையிலே, வன்னிப் பகுதியில் நாம் கற்பிக்கும் பாடசாலையின் பத்தாந் தர மாணவர்களுடன் ஒரு முயற்சியில் இறங்கினோம். விக்டர் ஹியூகோவின் பெருநாவலின் தொடக்கத்தில் வரும் பாண் திருட்டு வழக்கை வகுப்பறையில் மீண்டும் விசாரிப்பது என்பதே அம்முயற்சி. எமது கெட்டித்தனத்தைப் பறைசாற்றுவதற்காக இதனை எழுதவில்லை. அவ்வழக்கின் முடிவில் எதிரிக் கூண்டில் நின்றவர் யார் என்பதைச் சக ஆசிரியர்களுக்குச் சொல்வது கடன் எனக் கருதியே எழுதுகிறோம்.

நூல் தமிழுக்குப் புதியதன்று. 1862இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த அந்நாவலைச் சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்ற பெயரில் எமக்குத் தந்தார். 1950இல் அது தமிழ்த் திரைப்படமாகவும் வந்தது. அதிலே பொலிஸ் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமன், வாழ்நாள் முழுவதும் ஜாவர் சீதாராமன் என்றே அழைக்கப்பட்டார். ஒரு பாத்திரம் மனிதர் ஒருவரின் பெயருடன் ஒட்டிக்கொள்ளுமளவிற்கு எமது மக்கள் அக்கதையைத் தம்முடையதாக்கிக் கொண்டனர்.

நாவலின் வித்துக்களுள் ஒன்று பாரிஸ் நகரத்தின் வீதியிலே கிடந்தது. 1846 பெப்ரவரியில் ஒரு நாள், பிரபுக்கள் சபைக்குச் சென்றுகொண்டிருந்த ஹியூகோ, இரு படைவீரர்கள் ஒருவனைப் பிடித்துச் செல்வதைக் கண்டார். பாண் ஒன்றைத் திருடினான் என்பது அவன்மீதுள்ள குற்றம். அருகே நின்ற வண்டியொன்றில் வெல்வெட் உடை அணிந்த சீமாட்டி ஒருத்தி குழந்தையுடன் இருந்தாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவளோ அவன் அங்கு நிற்பதையே அறியவில்லை. ஹியூகோ இதனைத் தமது குறிப்பிற் பதிந்து வைத்தார். அதற்கு முந்திய ஆண்டிலேயே அவர் நாவலை எழுதத் தொடங்கியிருந்தார். 1851ஆம் ஆண்டின் இறுதியில் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கவர்ந்துகொண்டபோது அதனை எதிர்த்து நாட்டைவிட்டு வெளியேறிய அவர், நாட்டுக்கு வெளியே வாழ்ந்த காலத்திலேயே அதனை எழுதி முடித்தார்.

எமது ஓய்வறையில் ஒரு நண்பர் கேட்டார்: “நூற்றறுபது வருசத்துக்கு முந்தின வெள்ளைக்காரன்ர பாண் களவு எங்கட பிள்ளையளுக்கு ஏன் மாஸ்டர்?” கேள்வி நியாயமானதே. ஆனால் விடையை நாம் தேடிப் போகவேண்டியிருக்கவில்லை. 2022 ஏப்ரலில் இலங்கை தனது வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. முதல் ஆண்டில் நூறு ரூபாய்க்கு வாங்கிய உணவை ஏறக்குறைய இருநூறு ரூபாய் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது என்பது இதன் பொருள். காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்த பிள்ளைகளைத் தூக்கிச் சென்று நிழலிற் கிடத்திய கைகள் எம்முடையவை. பாணின் விலையை அறிந்த பிள்ளைகளுக்குப் பாண் திருடியவனின் கதை எவ்வாறு அந்நியமாகும்?

வகுப்பில் 38 பேர். நீதிபதியாக ஒரு மாணவி, வழக்குத் தொடுநர் இருவர், எதிரி தரப்புச் சட்டத்தரணிகள் இருவர், யூரர் பன்னிருவர், சாட்சிகள், காவலர், செய்தியாளர் எனப் பொறுப்புக்கள் பகிரப்பட்டன. வேடமோ ஒப்பனையோ இல்லை. மேசைகளை இடம் மாற்றியதுடன் நீதிமன்றம் ஆயத்தமாயிற்று. எவரும் நூலில் இல்லாத சம்பவத்தைச் சாட்சியமாகக் கூறலாகாது என்பதும், நூலில் உள்ளதைப் பக்கம் காட்டிச் சொல்லவேண்டும் என்பதும் எமது நிபந்தனைகள். நூலகத்தில் இருந்தது ஒரேயொரு பழைய பிரதி. அதனைக் கைமாற்றிப் படித்தனர். தமிழில் விளங்காத இடங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பைப் பார்த்து நாம் விளக்கமளித்தோம். நாம் ஏற்ற பாத்திரம் நீதிமன்றப் பதிவாளர். எழுதுவது மாத்திரமே எமது வேலை. தீர்ப்பில் எமக்குப் பங்கில்லை.

காவலர் இருவருள் ஒருவனைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. முதற் பாடவேளையில் மேசைமீது தலை சாய்த்து உறங்குவது அவனது வழக்கம். இருமுறை வெளியே நிறுத்தியிருக்கிறோம். வரவு இடாப்பின் ஓரத்திற் குறிப்பும் எழுதியிருக்கிறோம். காவலன் நின்றுகொண்டிருக்க வேண்டியவன்; நிற்பவன் உறங்கமாட்டான். அவனுக்கு அப்பாத்திரத்தை நாம் கொடுத்ததன் காரணம் அவ்வளவே.

விசாரணை மூன்று நாள்கள், இவ்விரண்டு பாடவேளைகளாக நடைபெற்றது. வழக்கின் விவரம் நாவலை அறிந்தோர்க்குத் தெரிந்ததே. ஜீன் வால்ஜீன் மரக்கிளை தறிக்கும் கூலியாள். விதவையான தமக்கையையும் அவளது ஏழு பிள்ளைகளையும் அவனே காப்பாற்றினான். 1795ஆம் ஆண்டின் கடுங்குளிர் காலத்தில் வேலையில்லை, வீட்டிற் பாணில்லை. ஒரு ஞாயிறு இரவு, வெதுப்பகத்தின் கண்ணாடியைக் கையால் உடைத்து ஒரு பாணை எடுத்தான். துரத்தப்பட்டபோது அதனை எறிந்துவிட்டு ஓடினான். குருதி வடியும் கையுடன் பிடிபட்டான். இரவிலே, ஆட்கள் குடியிருக்கும் வீட்டை உடைத்துத் திருடிய குற்றத்திற்காக ஐந்தாண்டுக் கடூழியம் விதிக்கப்பட்டது.

முதல் நாள் நாம் எதிர்பாராத திசையிலிருந்து காற்று வீசியது. வெதுப்பகக்காரனாகச் சாட்சி சொன்ன மாணவனின் தந்தை உண்மையிலேயே சிறியதொரு பேக்கரி நடத்துபவர். 2022இல் மாவும் எரிவாயுவுமின்றி அவரது போறணை பல நாள்கள் அணைந்து கிடந்தது. அப்பையன் நூலை மூடி வைத்துவிட்டுக் கேட்டான்: “பாண் சுடுறவன் பணக்காரன் எண்டு ஆர் சொன்னது? கண்ணாடியும் போய்ப் பாணும் போனா, அவன்ர பிள்ளையளுக்கு ஆர் குடுக்கிறது?” எதிரி தரப்புச் சட்டத்தரணிகள் வாயடைத்து நின்றனர். அவர்கள் ஆயத்தம் செய்து வந்த உருக்கமான பேச்சு பாதியில் நின்றுவிட்டது. எமக்கோ மகிழ்ச்சி. ஏழைக்கு இரங்குமாறு மாணவருக்குப் போதிப்பது எளிய காரியம். ஓர் ஏழையின் நட்டத்தை இன்னோர் ஏழை எதற்காகத் தாங்கவேண்டும் என்ற வினாவை எதிர்கொள்ளச் செய்வதே கடினம். அந்த வினாவை நாம் கொண்டு வரவில்லை. போறணையின் சூட்டை அறிந்த பிள்ளை கொண்டு வந்தான்.

இரண்டாம் நாள் எதிரி தரப்பு விழித்துக்கொண்டது. அவர்கள் கணக்கொன்றைக் கரும்பலகையில் எழுதினர். பாணுக்காக 5 ஆண்டுகள், தப்பியோட முயன்றமைக்காக 3, 5, 3, 3 என மேலும் 14 ஆண்டுகள், மொத்தம் 19. 1796இற் சென்றவன் 1815இல் வெளிவந்தான். பத்தொன்பது ஆண்டு உழைப்பின் மிச்சமாக அவன் கையிற் கொடுக்கப்பட்டது 109 பிராங்கும் 15 சூவும். “எறியப்பட்ட பாணை ஒருவருஞ் சாப்பிடவில்லை, கனம் நீதிபதி அவர்களே” என்றாள் சட்டத்தரணியான மாணவி. “பாணும் போய், பாண் தேடிக் குடுத்தவனும் போனான். தண்டனை அனுபவிச்சது ஏழு பிள்ளையளும்.” அவன் சங்கிலியிற் பூட்டப்பட்டது 1796 ஏப்ரல் 22ஆம் நாள். நெப்போலியனின் வெற்றியொன்று பாரிஸில் அறிவிக்கப்பட்ட அதே நாள் அது என ஹியூகோ குறிப்பிடுகிறார். வரலாற்றுப் பாடநூல்களிற் படையோட்டங்களே இடம்பிடித்திருக்கின்றன. சங்கிலியைத் தேடுவோர் நாவலுக்குத்தான் வரவேண்டும்.

எதிரியாக நின்ற மாணவன் அதிகம் பேசாதவன். இறுதியாக ஏதேனும் கூற விரும்புகிறாயா என்று நீதிபதி கேட்டபோதும் அவன் வாய் திறக்கவில்லை. வலக்கையை உயர்த்தி, சிறிது சிறிதாக ஏழு தடவை தாழ்த்தினான். உயரம் வேறுபட்ட ஏழு தலைகளைத் தடவுவது போலிருந்தது. கழுத்திலே சங்கிலி பூட்டப்படுகையில் வால்ஜீன் செய்வதாக நாவலில் வரும் செய்கை அது. நாம் சொல்லிக் கொடுக்கவில்லை. அவனே படித்துக் கண்டுபிடித்திருக்கிறான். யூரர்களாயிருந்த பிள்ளைகளுள் இருவர் கண்களைத் துடைத்துக்கொண்டனர்.

அந்த மௌனத்திலே, செய்தியாளர் வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

“சேர், தமக்கைக்காரியை ஏன் சாட்சிக்குக் கூப்பிடேல்லை?”

சாட்சிப் பட்டியலைத் தயாரித்தவர்கள் நாம். வெதுப்பகக்காரன், பிடித்தவன், ஊரவர் என எல்லோரையும் எழுதியிருந்தோம். வழக்கின் மையத்தில் நிற்கும் அப்பெண்ணை மறந்துவிட்டோம். “அவளுக்கும் பிள்ளைகளுக்கும் பிறகு என்ன நடந்தது?” என்று அவள் மேலும் கேட்டாள். நூலிலே அதற்கு முழுமையான விடை இல்லை. இருப்பதைச் சொன்னோம்.

சிறையிருந்த காலத்தில் வால்ஜீனுக்குத் தமக்கையைப் பற்றி ஒரேயொரு தடவைதான் செய்தி கிடைத்தது. அவள் பாரிஸில் இருந்தாள். ஏழு பிள்ளைகளுள் கடைக்குட்டி மாத்திரமே அவளுடன் இருந்தான். மற்றை ஆறு பேரும் எங்கே என்பது தெரியவில்லை. அச்சகமொன்றிற் புத்தகத் தாள்களை மடித்துத் தைப்பது அவளது தொழில். காலை 6 மணிக்கு வேலைக்குச் செல்லவேண்டும். அதே வளவில் ஒரு பள்ளிக்கூடமும் இருந்தது, பையனுக்கு ஏழு வயது, அங்கேதான் படித்தான். ஆனால் பள்ளிக்கூடம் திறப்பது 7 மணிக்கு. குழந்தை இடைஞ்சல் என்று அச்சகத்தினுள் அவனை விடவில்லை. ஆகவே குளிர்காலத்து இருளிலே, திறந்த முற்றத்தில், ஒரு மணித்தியாலம் அவன் காத்திருப்பான். வேலைக்குச் செல்வோர் அவன் கல்தரையிற் குந்தியிருந்தவாறே உறங்குவதைக் காண்பர். மழை பெய்தால் வாயிற்காவற் கிழவி இரங்கித் தன் குடிலுக்குள் இடங்கொடுப்பாள்; குளிருக்காகப் பூனையுடன் ஒட்டிக்கொண்டு அங்கே ஒரு மூலையிற் கிடப்பான். இவ்வளவுதான் நூலில் உண்டு. பின்னர் அவர்களைப் பற்றி வால்ஜீன் எதுவும் கேள்விப்படவில்லை.

நாம் சொல்லி முடித்தபோது காவலனாக நின்றவன் கேட்டான்: “அந்தப் பெடியன் ஒரு மணித்தியாலந்தானே சேர் நிண்டவன்?”

கேலி செய்கிறான் என்று எண்ணி நாம் முகத்தைச் சுளித்தோம். அடுத்து நின்ற மற்றைக் காவலன் குறுக்கிட்டான்: “இவன் ஐஞ்சே முக்காலுக்கு வந்திடுவான் சேர். கேற் திறக்குமட்டும் மதகிலதான் படுத்திருக்கிறவன்.”

பின்னர் துண்டு துண்டாக விடயம் வெளிவந்தது. தாய் ஆடைத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்கிறார். அவரை ஏற்றிச் செல்லும் பஸ் 5.30 மணிக்குச் சந்திக்கு வந்துவிடும். தந்தை இல்லை. “தம்பியவையைப் பெரியம்மா வீட்டில விட்டிட்டு, அம்மாவோட சந்திமட்டும் வருவன் சேர். திரும்பி வீட்ட போனா நித்திரையாப் போயிடுவன். பள்ளிக்கூடத்துக்கு வரேலாமப் போயிடும். அதுதான் நேர இஞ்ச வாறனான்.” மழை பெய்தால் எங்கே நிற்பாய் என்று நாம் கேட்கவில்லை. மாரி தொடங்கி மூன்று வாரங்களாகியிருந்தன. ஈரச் சட்டையுடன் அவன் வகுப்பிலிருந்ததை நாமும் கண்டிருக்கிறோம். “குடை எங்கே?” என்று ஏசியும் இருக்கிறோம்.

பாடசாலைக்கு எல்லோருக்கும் முதலாவதாக வருபவனை, அக்கறையற்ற மாணவன் என்று நாம் இடாப்பில் எழுதியிருந்தோம்.

மூன்றாம் நாள் தீர்ப்பு. கண்ணாடியை உடைத்தது குற்றம் எனப் பன்னிரு யூரரும் ஒருமுகமாகக் கூறினர். பாணை எடுத்தது குற்றம் என எண்மரும், குற்றமன்று என நால்வரும் கூறினர். சிறை வேண்டாம், எதிரி உழைத்துக் கண்ணாடியின் விலையையும் பாணின் விலையையும் வெதுப்பகக்காரனுக்குக் கொடுக்கவேண்டும் என்பது முடிவு. போறணைக்காரரின் மகன் அதனை ஏற்றுக்கொண்டான். அத்துடன் முடிந்திருந்தால் அது நல்லதொரு வகுப்பறை நிகழ்ச்சியாக இருந்திருக்கும். ஆனால் யூரர்கள் இன்னுமொரு கட்டளையைச் சேர்க்கவேண்டும் என்றனர். ஏழு பிள்ளைகளுக்கும் உணவு கிடைக்கவேண்டும். தமக்கையின் கடைசி மகன் முற்றத்தில் நிற்கக்கூடாது.

நீதிபதியான மாணவி பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாள்: “இந்தக் கட்டளையை ஆருக்கு அனுப்புறது?”

மன்றம் குழம்பிற்று. வெதுப்பகக்காரனுக்கா? அவனும் எம்மவன் என்றனர். ஊர்த் தலைவருக்கா? அரசாங்கத்துக்கா? ஆறு மணிக்கு வேலையைத் தொடக்கும் அச்சக முதலாளிக்கா? ஒவ்வொரு பெயரையும் பதிவாளராகிய நாம் எழுதிக்கொண்டோம். குற்றஞ்சாட்டப்பட்டவன் ஒருவன் என்று தொடங்கிய வழக்கிலே பெயர்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. அப்போது யூரர்களுள் ஒருத்தி சொன்னாள்: “பள்ளிக்கூடத்தையும் எழுதுங்கோ சேர். ஏழு மணிக்குத் திறக்கிறது அவைதானே.”

எழுதினோம். எழுதும்போது கை சிறிது தயங்கியது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஜாவரை இதுவரை நாம் வில்லன் என்றே படிப்பித்து வந்தோம். இலஞ்சம் வாங்காதவன், பொய் சொல்லாதவன், கடமையிலிருந்து இம்மியும் பிசகாதவன் அவன். சிறைச்சாலையிலே பிறந்தவன், தான் பிறந்த வர்க்கத்தையே வெறுத்தவன். அவனிடம் இல்லாதது ஒன்றுதான்: ஏட்டில் எழுதப்பட்டதற்கு அப்பால் மனிதனைப் பார்க்கும் பழக்கம். ஏழைக் குடும்பங்களிலிருந்து படித்து வந்து, இடாப்பைக் கையில் ஏந்தி, உறங்குபவனை வெளியே நிறுத்தும் ஆசிரியர்களுக்கு அவன் அவ்வளவு தூரத்து உறவினன் அல்லன். இதனை விமர்சன நூல்கள் எமக்குக் கற்பிக்கவில்லை. பத்தாந் தரத்துப் பிள்ளைகள் கற்பித்தனர்.

தீர்ப்பை நிறைவேற்றும் பொறுப்பில் எமக்குரிய சிறு பங்கை ஏற்றோம். ஓர் அறையைக் காலை 5.45 மணிக்குத் திறக்க அனுமதி கேட்டோம். பொறுப்பு யாருடையது, விபத்து நேர்ந்தால் பதில் சொல்பவர் யார் என்ற வினாக்கள் எழுந்தன. அவை வீண் வினாக்களல்ல. மூன்று வாரங்களின் பின்னர், எம்முள் நால்வர் முறைவைத்து வருவதாக எழுதிக் கொடுத்து அறையின் திறப்பைப் பெற்றுக்கொண்டோம். அவன் ஒருவனே வருவான் என்று எண்ணியிருந்தோம். முதல் வாரத்திலேயே ஒன்பது பேர் வந்தனர். அவர்களுள் இருவர் ஆறாந் தரத்துக் குழந்தைகள். அதுவரை அவர்கள் எங்கே நின்றனர் என்பதை எந்த இடாப்பும் பதியவில்லை.

இதனாற் பெரிய மாற்றம் எதுவும் விளைந்துவிட்டதாக நாம் கூறவில்லை. பஸ் இன்றும் 5.30 மணிக்கே வருகிறது. தாய்மாரின் கூலியை எமது திறப்பு ஒரு சதமேனும் உயர்த்தவில்லை. பட்டியலிலுள்ள மற்றைப் பெயர்களுக்குக் கட்டளை இன்னும் சென்று சேரவில்லை. அதனை அனுப்புவது வகுப்பறையால் மாத்திரம் ஆகக்கூடிய காரியமுமன்று. ஆயினும் ஒன்றை உறுதியாகச் சொல்வோம். நாவலை உயிர்ப்பிப்பதற்கு மேடையும் உடுப்பும் வேண்டியதில்லை. பட்டியலில் விடுபட்டவள் எங்கே என்று ஒரு பிள்ளை கேட்பதற்கு இடம் விட்டாற் போதும். அந்தக் கேள்வி ஆசிரியரின் பக்கம் திரும்பும்போது கரும்பலகைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதிருக்கவும் வேண்டும்.

காவலனாக நின்றவன் பின்னர் சாதாரண தரப் பரீட்சையிலே இலக்கியத்திற் சாதாரண சித்தியே பெற்றான். அந்த அறையைத் திறந்து விட்ட பின்னரும் பெரும்பாலான நாள்களில் அவன் படிக்கவில்லை. இரண்டு வாங்குகளை இணைத்துப் போட்டு உறங்கினான். நாம் எழுப்பவில்லை. ஏழரை மணிக்கு மணியடிக்கும்போது தானாகவே எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்புக்கு வந்தான். முதற் பாடவேளையில் அவன் பின்னர் உறங்கியதில்லை.